தண்ணீர் பார்க்க வந்தார்கள்

விஜயராகவன் மொட்டை மாடித் தொட்டிக்குள் இறங்கி நின்று, சுவரில் படிந்திருந்த சுண்ணாம்பைத் தோசைத் திருப்பியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து அம்மா சந்திரம்மா கத்தினாள்.

"டேய் ராகவா! திருப்பதில கெளம்பிட்டாங்களாம்டா! கீழ வந்து குளிடா!"

"குளிக்கறதுக்குத் தண்ணி இல்லம்மா. தொட்டிய காலி பண்ணிட்டேன்."

"இன்னாது? பொண்ணு வூட்டுக்காரங்க வர்ற அன்னிக்கா தொட்டிய காலி பண்ணுவ? உனுக்கு இன்னாடா ஆச்சி?"

ஆனது ஒரு பொய். இரண்டு வாரத்துக்கு முன்னால் திருப்பதியில் ரோஹிணியைப் பெண் பார்க்கப் போனார்கள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த பெண், ஏதோ சொந்தமாகத் தொழில் செய்கிறாள் என்று தரகர் சிட்டிபாபு சொல்லியிருந்தார். அவள் காபித் தட்டோடு வந்து நின்றதும் விஜயராகவன் மொத்தமாகக் கவிழ்ந்துவிட்டான். தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று இருவரையும் பால்கனிக்கு அனுப்பினார்கள். சம்பளம் கேட்பாள், சிகரெட் உண்டா என்று கேட்பாள் என எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். அவள் கேட்டது வேறு.

"உங்க ஊர்ல தண்ணி எப்படி இருக்கும்?"

நகரியை ஒட்டி இருக்கும் அந்த நெசவாளர் காலனியில், தண்ணீர் எப்படி இருக்கும் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. விருந்தாளிக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு அவர் முகம் போகும் போக்கைப் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விடுவாளோ என்று விஜயராகவனுக்குப் பயம் வந்துவிட்டது.

"தேன் மாதிரி இருக்குங்க" என்றான்.

அவள் முகம் சட்டென்று வாடிப்போனது. "ஓ, அப்படியா" என்று மட்டும் சொன்னாள். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று அவனுக்கு அங்கேயே வியர்த்தது.

அந்த வியர்வை காய்வதற்குள் சிட்டிபாபு போன் செய்தார். "தம்பி, பொண்ணோட அப்பா ஆதிநாராயணன் சார் வூடு பாக்க வராரு. கெமிஸ்ட்ரி லெக்சரரா இருந்து ரிடயர் ஆனவரு. பாக்கெட்ல பேனா மாதிரி ஒரு மீட்டர் வெச்சிருப்பாரு, ஜாக்கிரத. வெதுருகுப்பத்துல ஒரு வூடு, காணிப்பாக்கத்துல ஒரு வூடு, ரெண்டு எடத்துலயும் தண்ணில மீட்டர உட்டாரு, நம்பரப் பாத்தாரு, எழுந்து போய்ட்டாரு. ஆங், பொண்ணும் கூட வருது."

"பொண்ணே மாப்ள வூட்டப் பாக்க வருதா? இன்னா காலம்டா இது!" என்று சந்திரம்மா வாயில் கை வைத்தாள்.

அந்த மீட்டரைப் பற்றி விஜயராகவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் கருவி அது. குடிக்கும் தண்ணீர் ஐந்நூறுக்குள் இருந்தால் நல்லது. காலனி போர் தண்ணீர் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

அவன் வேலையே தண்ணீர்தான். ஸ்ரீ சிட்டியில் செல்போன் கண்ணாடி செய்யும் ஒரு கம்பெனியில் தண்ணீர்ப் பிரிவில் இருந்தான். அங்கே கண்ணாடியைக் கழுவும் தண்ணீரில் தண்ணீரைத் தவிர வேறு எதுவுமே இருக்கக்கூடாது. துளி உப்பு தெரிந்தாலும் அலாரம் அலறும், மேனேஜர் அதைவிடச் சத்தமாக அலறுவார். சுத்தம் என்றால் ஒன்றுமே இல்லாதது என்று அவனுக்கு அங்கே ஊறிப்போயிருந்தது.

அதனால் புத்தூரிலிருந்து கேன் கொண்டுவரும் ஆட்டோவை வீட்டு முன்னால் நிறுத்தி, அதிலிருந்த அத்தனை கேன்களையும் தொட்டிக்குள் கவிழ்க்க முடிவு செய்தான்.

"இன்னா சார், வூட்ல கல்யாணமா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"ஆவணும்னுதான் ஊத்தறேன்" என்றான் விஜயராகவன்.

ஊற்றிவிட்டு மீட்டரில் பார்த்தான். முப்பது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவன் கம்பெனியில் கழித்துப் போட்ட, தண்ணீரிலிருக்கும் உப்பை உறிஞ்சி எடுக்கும் ஒரு ரெசின் சிலிண்டரைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். அதற்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. சின்ன பம்ப் வைத்து, தொட்டித் தண்ணீர் முழுவதையும் அதன் வழியாகத் திரும்பத் திரும்ப ஓட்டினான். மீட்டர் இரண்டு காட்டியது. மாடியில் ஒரு குதி குதித்தான்.

கார் வந்தபோது குளித்து, வேட்டி கட்டி, வாசலில் நின்றான். ஆதிநாராயணன் முதலில் இறங்கினார். அடுத்து அவர் மனைவி மனோரமா. எதற்கும் ஒரு சிரிப்புதான் பதில், வாயைத் திறப்பதில்லை. கடைசியாக ரோஹிணி இறங்கினாள். அவள் வீட்டைப் பார்க்கவில்லை, அவனைப் பார்க்கவில்லை, அண்ணாந்து மாடித் தொட்டியைப் பார்த்தாள்.

சந்திரம்மா வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஆதிநாராயணன் ஒரு மாதிரி சங்கோஜமாகச் சிரித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மீட்டரை எடுத்து டம்ளருக்குள் விட்டார். பார்த்தார். உதறிவிட்டு மறுபடியும் விட்டார்.

"ரெண்டு" என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில்.

"ரெண்டேதான் சார்" என்றான் விஜயராகவன் பெருமையாக.

"இது போர் தண்ணியா?" என்று கேட்டாள் ரோஹிணி.

"ஆமாங்க, நம்ம போர்தான்."

"மழத் தண்ணியிலயே இதவிட ஜாஸ்தி இருக்குமே!"

"எங்க ஊரு மழ வேறங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பதிலுக்கு அவனே கூச்சப்பட்டான்.

ஆதிநாராயணன் தொண்டையைச் செருமினார். வகுப்பு எடுத்த பழக்கம் போகவில்லை. "தம்பி, ரெண்டுன்றது பேட்டரில ஊத்தற தண்ணி. அத மனுஷன் குடிச்சா ஒரு ருசியும் இருக்காது. கொஞ்சம் கால்சியம், கொஞ்சம் மெக்னீசியம் இருக்கணும். அதான் மஞ்சி நீள்ளு, நல்ல தண்ணி."

"எங்க கம்பெனில ஒண்ணுமே இல்லன்னாதான் சார் சுத்தம்."

"அது கண்ணாடிக்கு சரி. சாம்பாருக்கு?"

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமலே கீழே வைத்துவிட்டார். ரோஹிணியின் முகம் திருப்பதி பால்கனியில் வாடியதைவிட அதிகமாக வாடியிருந்தது. "சரி, கொஞ்ச நேரம் பேசிட்டுக் கெளம்பலாம். சாப்பாடெல்லாம் வேணாம்" என்றார் ஆதிநாராயணன்.

விஜயராகவனின் அப்பா ஜெயச்சந்திரன் பதறிப்போனார். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில், சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட உட்கார மாட்டார்கள். இலையில் கை நனைத்தால் சம்மதம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இலைக்கட்டு உள்ளே தயாராக இருந்தது.

"சார், வந்ததே வந்தீங்க, நம்ம தறியப் பாத்துட்டுப் போலாம் வாங்க" என்று ஜெயச்சந்திரன் ஆதிநாராயணனின் கையைப் பிடித்து, பக்கத்திலிருந்த பவர்லூம் கொட்டகைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனார். விஜயராகவன் சமையலறைக்குள் ஓடினான்.

அங்கே அம்மா குக்கரைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தாள்.

"டேய், பருப்பக் காணோம்டா!"

"காணோமா? யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல. கரைஞ்சி போச்சி!"

காலனித் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. ஆப்ப சோடாவும் போட்டு, மற்ற ஊர்க்காரர்கள் வைப்பதற்கு இரண்டு மடங்கு விசில் வைத்தால்தான் கொஞ்சம் இளகும். சந்திரம்மா வழக்கப்படி அதையே செய்திருந்தாள். இந்தத் தண்ணீரில் பருப்பு ஊறும்போதே வெந்துவிட்டிருக்க வேண்டும். சாம்பார் மஞ்சள் கஞ்சியாக இருந்தது. ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தான்.

"உப்பே இல்லம்மா!"

"பாதி உப்புதான்டா போடுவேன். மீதி தண்ணிலயே இருக்குமே! இத்தினி வருஷமா தண்ணிய நம்பித்தான சமைச்சிக்கினு இருக்கேன்? சொல்லாம கொள்ளாம மாத்திட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

அழுகையை அடக்கிக்கொண்டு கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினாள். கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பது அவள் வழக்கம். உப்புத் தண்ணீரில் நுரை வராது என்பதால் சோப்புத் தூளை அவள் எப்போதும் கைநிறைய அள்ளித்தான் போடுவாள். இன்றும் அள்ளிப் போட்டுக் குழாயைத் திறந்தாள்.

நுரை எழும்பியது. தொட்டியை நிரப்பியது. மேடைமேல் ஏறி, அம்மாவின் வளையல்களை மூடி, தரைக்கு இறங்கியது.

"மூடும்மா, குழாய மூடு!"

"குழா எங்கடா இருக்கு? தெரியலியே!"

நுரை நிலைப்படியைத் தாண்டி ஹாலுக்குள் மெதுவாக நகர்ந்து வந்தது. மனோரமா சிரித்தபடியே இரண்டு கால்களையும் தூக்கி சோபாமேல் வைத்துக்கொண்டார். ரோஹிணி எழுந்து நின்று, நுரையை விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"இவ்ளோ நுரை வருதுன்னா நெஜமாவே தண்ணி சாஃப்ட்தான்" என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

அந்தப் பெருமூச்சு விஜயராகவனைச் சுட்டது. இரண்டு குறைச்சல், நூற்றைம்பது என்றால் சரியாக இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டான். ஐந்நூறு லிட்டர் தொட்டி. எழுபத்தைந்து கிராம் உப்பு. ஒரு கிண்ணத்தில் கல்லுப்பை அளந்து எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினான். போட்டான். துடைப்பக் கட்டையால் நன்றாகக் கலக்கினான். தன் மீட்டரை விட்டுப் பார்த்தான்.

இரண்டாயிரத்துச் சொச்சம்.

மீட்டரைத் துடைத்து மறுபடியும் பார்த்தான். அதேதான். அப்போது படியில் மூச்சிரைக்க அப்பா ஜெயச்சந்திரன் ஏறி வந்தார்.

"நைனா, தொட்டில நீ எதனா போட்டியா?"

"ரெண்டு கொறச்சல்னு அவரு சொன்னாருல்ல? அவரு தறியப் பாத்துக்கினு இருந்தப்போ ஓடியாந்து ஒரு பாக்கெட் உப்பக் கொட்டிட்டுப் போனேன். இப்ப போதுமா, இன்னொரு பாக்கெட் எடுத்தாரட்டா?"

"ஒரு கிலோவா? நைனா, கடல்லகூட இப்படிக் கொட்ட மாட்டாங்களே!"

"உனுக்காகத்தான்டா செஞ்சேன்" என்றார் அவர். அப்பாவைத் திட்டவும் முடியாமல், விஜயராகவன் கேன் ஆட்டோவுக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை சரக்கு தீர்ந்துவிட்டது, நாளைக்குத்தான் என்றார் ஆட்டோக்காரர்.

இந்த உப்புக் கரைசல் அவர் மீட்டரில் படக்கூடாது என்ற ஒரே எண்ணம்தான் அவன் தலைக்குள் இருந்தது. தொட்டியின் அடிக்குழாய் மூடியைக் கழற்றிவிட்டான்.

கீழே, கொட்டகையிலிருந்து திரும்பிய ஆதிநாராயணன் கையெல்லாம் தறி கிரீஸ். முற்றத்துக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். குழாய்க்குள் தங்கியிருந்த, மீட்டர் இரண்டு காட்டிய பழைய தண்ணீர் வந்தது. கிரீஸ் போய்விட்டது, சோப்பு போகவில்லை. அவ்வளவு மென்மையான தண்ணீரில் சோப்பின் வழவழப்பு கையை விட்டுப் போகாது. அவர் தேய்த்தார், கழுவினார், மறுபடியும் தேய்த்தார்.

"இதேமிரா இது! எண்ணெய்ல கழுவற மாதிரியே இருக்குது" என்று கையை உதறியபடி, வெளிச்சத்தில் பார்க்க வாசல் பக்கம் இரண்டடி நகர்ந்தார். நேர் மேலே மாடித் தண்ணீர் விழும் குழாய்.

ஒரு தொட்டி உப்புத் தண்ணீர் மொத்தமும் அவர் தலையில் இறங்கியது. பதறிப்போய், சோப்பு போகாத கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ, கண்ணு! கண்ணு எரியுது!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். விஜயராகவன் மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கினான். ரோஹிணி குழாயைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று வந்தது.

"தண்ணி எங்கங்க?"

"இல்லங்க. காலி."

"வூட்ல ஒரு சொட்டுத் தண்ணிகூடவா இல்ல?"

விஜயராகவன் போர் மோட்டார் சுவிட்சைப் பார்த்தான். அதைப் போட்டால் எல்லாம் முடிந்தது. ஆனால் ஒரு பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு துடிக்கும்போது கல்யாணத்தையா பார்ப்பது? போட்டான். ரப்பர் குழாயை எடுத்து, அவர் முகத்திலும் தலையிலும் கையிலும் பொறுமையாகத் தண்ணீர் விட்டான்.

சற்று நேரத்தில் ஆதிநாராயணன் கண்ணைத் திறந்தார். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்தார். வழவழப்பு இல்லை, சொரசொரவென்று இருந்தது. நாக்கை நீட்டி உதட்டை நக்கினார். ஈரச் சட்டைப்பையிலிருந்து மீட்டரை எடுத்து, குழாய் நீரில் பிடித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது" என்றார் மெதுவாக.

விஜயராகவன் தலையைக் குனிந்துகொண்டான். "சார், மன்னிச்சிடுங்க. இதான் எங்க தண்ணி. காலைல கேன் கேனா வாங்கி ஊத்தி உங்கள ஏமாத்தப் பாத்தேன். அன்னிக்கு அவங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன். உங்க பொண்ண எனக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சி சார். உண்மையச் சொன்னா கெடைக்க மாட்டாங்களோன்னு பயந்துட்டேன். வேற ஒரு காரணமும் இல்ல."

சந்திரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் கார் கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"இந்த ஒரு வூட்ல மட்டுந்தான் இப்படியா?" என்று கேட்டார் ஆதிநாராயணன்.

"இல்ல சார். காலனி முழுக்க இதான். எங்க தோண்டினாலும் இதான்."

"டீ போட்டா?"

"திரிஞ்சிடும் சார்."

"கெய்சர்?"

"வருஷத்துக்கு ஒண்ணு மாத்தறோம்."

"தலமுடி?"

ஜெயச்சந்திரன் தலைத்துண்டை அவிழ்த்துக் காட்டினார். வெயில் பளிச்சென்று பட்டது.

"பக்கத்துக் காலனி?"

"அங்க இன்னும் மோசம் சார். ரெண்டாயிரத்து முன்னூறு."

ஆதிநாராயணன் மகளைப் பார்த்தார். ரோஹிணியின் முகம் மலர்ந்திருந்தது. அவள் இவ்வளவு அழகாகச் சிரிப்பாள் என்று விஜயராகவனுக்கு அதுவரை தெரியாது.

"அன்னிக்கே இந்த உண்மையச் சொல்லியிருந்தா, அன்னிக்கே சரின்னு சொல்லியிருப்பேன்ல?" என்றாள் அவனிடம். "தேன்னு சொல்லி என்னை ரெண்டு வாரம் தூங்க விடாம பண்ணிட்டீங்க."

ஆதிநாராயணன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே ஜெயச்சந்திரன் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, இலையப் போடுங்க. கை நனைச்சிடலாம்."

ஜெயச்சந்திரனுக்குக் கைகால் ஓடவில்லை. ஓட ஆரம்பித்ததும் துண்டைக் கட்டிக்கொள்ள மறந்து இலை எடுக்க ஓடினார். விஜயராகவன் அங்கேயே குழாயைப் பிடித்தபடி, தன் காலிலேயே தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றான். உண்மை பேசினால் ஒரு பெண்ணின் மனசு இப்படி மாறும் என்றால், இனி ஆயுசுக்கும் பொய்யே பேசுவதில்லை என்று அந்த நிமிடமே தீர்மானம் செய்தான்.

பந்தி நடந்தது. உப்பில்லாத கரைந்துபோன சாம்பாரை ஆதிநாராயணன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டம்ளரில் இருந்த போர் தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "அப்பா, பிரமாதம்!" என்றார். ரோஹிணி ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே, காலனியில் எத்தனை வீடு, தெருவுக்குள் லாரி வருமா, கரண்ட் எப்படி என்று விஜயராகவனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வாழ வரப்போகும் ஊரின்மேல் என்ன அக்கறை என்று அவன் உருகிப்போய், வீடு வீடாக எண்ணிச் சொன்னான்.

சந்திரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கை கழுவ எழுந்த மனோரமாவுக்குச் செம்பில் தண்ணீர் ஊற்றியபடி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அண்ணி, உங்களுக்குப் பெரிய மனசு. இந்த உப்புத் தண்ணியத் தெரிஞ்சும் பொண்ணக் குடுக்கறீங்களே, எனுக்கு அழுகையே வருது. என் புள்ள உண்மையச் சொன்னதுக்காகத்தான்?"

மனோரமா அன்று முழுவதும் திறக்காத வாயை முதல் முறையாகத் திறந்தார்.

"உங்களுக்கு அந்தத் தரகரு ஒண்ணுமே சொல்லலியா? ரோஹிணி ரேணிகுண்டாவுல கேன் தண்ணி பிளான்ட் நடத்தறா, இப்ப ரெண்டாவது பிளான்ட் போடப் போறா. நல்ல தண்ணி இருக்கற ஊர்ல கட்டிக் குடுத்தா அவ கேன யாருங்க வாங்குவாங்க?"